முதலில் முலு, பிறகு உலகம்: கேவிங் ஆசை வந்த தம்பிக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, நண்பர்களோடு பேராக்கில் இருக்கும் குவா தெம்புருங் குகைக்குப் போய் ஆற்றுக்குள் தவழ்ந்து வந்ததிலிருந்து கேவிங் ஆசை விடமாட்டேன் என்கிறது. உலகத்தில் குகைக்காரர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது போக நினைக்கும் குகைகள் எவை? சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிற நான் அவற்றில் எதற்குப் போக முடியும்? அம்மா வேறு, 'குகைக்குள் உனக்கு என்ன வேலை' என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

தம்பி, இந்தக் கேள்வி நம் பிள்ளைகளிடமிருந்து வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். மலேசியத் தமிழர்களுக்குக் குகை என்றால் பத்துமலை. அங்கே படியேறிக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறோம். அந்த மலைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் எங்கள் தலைமுறையில் மிகக் குறைவு. நீங்கள் கேட்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.

கனவுப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். கயிற்றில் இறங்கப் பிடித்தவர் மெக்சிகோ என்பார். ஆழம் தேடுகிறவர் காக்கசஸ் மலைகளைச் சொல்வார். கேமராவும் கையுமாக அலைகிறவர் வியட்நாம் என்பார். ஆனால் யாரைக் கேட்டாலும் பட்டியலின் மேல்வரிசையில் ஒரு பெயர் தவறாமல் வரும்: நம் சரவாக்கின் குனோங் முலு தேசியப் பூங்கா. பிரிட்டனிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் வருடக்கணக்கில் காசு சேர்த்து, பாதி உலகத்தைக் கடந்து வந்து பார்க்கும் இடம் அது. நமக்கோ பினாங்கில் விமானம் ஏறி, மீரியில் இறங்கி, அங்கிருந்து ஒரு சின்ன விமானம் பிடித்தால் முலு. பாஸ்போர்ட் கூட வேண்டாம். சரவாக் குடிநுழைவில் ஐசியைக் காட்டினால் போதும். அதனால்தான் யார் என்னைக் கேட்டாலும் முலுவை முடித்துவிட்டு மற்ற நாடுகளைப் பற்றி யோசியுங்கள் என்பேன். பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முலு தருவதை வேறெங்கும் இதே அளவில் ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

அங்கே மட்டும் குகைகள் ஏன் அவ்வளவு பெரிதாயின? குனோங் முலு 2,376 மீட்டர் உயரம். அது மணற்கல் மலை. அதை ஒட்டியே குனோங் அப்பி போன்ற சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. மணற்கல்லின் மேல் ஓடும்வரை அந்த அமிலத்துக்குக் கரைக்க எதுவும் அகப்படுவதில்லை. வீரியம் குறையாமல் வந்து சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட இடத்தில் கரைக்கத் தொடங்குகிறது. ஆறு உருட்டி வரும் மணலும் கூழாங்கல்லும் மீதி வேலையைச் செய்கின்றன. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு கீழே கீழே புதுப் பாதை வெட்டிக்கொண்டு போகிறது. பழைய பாதைகள் மேலே காய்ந்த சுரங்கங்களாக நின்றுவிடுகின்றன. இந்த வேலை பல லட்சம் ஆண்டுகளாக, வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் நடந்துகொண்டிருக்கிறது. 1977-78-இல் லண்டனின் ராயல் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டி அனுப்பிய குழு இந்தக் குகைகளைப் பெரிய அளவில் அளக்க ஆரம்பித்தது. இன்றுவரை அளந்து முடியவில்லை. 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்போது சரவாக் சேம்பர். குவா நாசிப் பாகுஸ் என்னும் குகைக்குள் இருக்கும் ஒரே ஓர் அறை அது. 1981 ஜனவரியில் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று குகைக்காரர்கள் ஆற்றோடு எதிர்த்து நடந்து அதற்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அது ஓர் அறை என்றே தெரியாது. அகலமான ஒரு சுரங்கப் பாதை என்று நினைத்து ஒரு பக்கச் சுவரை ஒட்டி அளந்துகொண்டே போனார்கள். எதிர்ச்சுவரையும் அளந்துவிடலாம் என்று காம்பஸ் பார்த்து இருட்டுக்குள் குறுக்கே நடந்தார்கள். சுவர் வரவில்லை. இன்னும் நடந்தார்கள், அப்போதும் வரவில்லை. விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் எதிலும் போய் விழவில்லை. குகைக்குள் ஆளுக்கு வரக்கூடிய பயம் இடுக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான். அன்றைக்கு அவர்களில் ஒருவருக்கு வந்ததோ வெட்டவெளியைக் கண்டு வரும் பயம்.

அளந்து பார்த்தபோது நீளம் சுமார் 600 மீட்டர், அகலம் 435 மீட்டர் வரை, உயரம் 115 மீட்டர் வரை என்று வந்தது. நடுவில் தாங்கிப் பிடிக்கத் தூண் எதுவும் கிடையாது, கூரை தானாக வளைந்து நிற்கிறது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். அதைப் படுக்கவைத்தாலும் இந்த அறையின் நீளத்தில் இடம் மிச்சமிருக்கும். பிற்பாடு லேசர் கருவிகள் வந்தபின், சீனாவின் மியாவ் அறை கன அளவில் இதை முந்திவிட்டது. தரைப்பரப்பில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரியது நம்முடையதுதான்.

அதற்குள் போவது என்றால் அதிகாலையில் கிளம்பிக் காட்டுவழியே சில மணி நேரம் நடக்க வேண்டும். குகை வாயிலிலிருந்து ஆற்றோடு மல்லுக்கட்டி, கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேற வேண்டும். அறைக்குள் வந்தபின் வழுக்கும் பாறைக் குவியல்கள். திரும்பி வர இரவாகிவிடும். இத்தனை செய்து உள்ளே போய் என்ன பார்ப்பது என்று கேட்டால், கண்ணால் முழுசாகப் பார்க்க முடியாது என்பதே பதில். உங்கள் நெற்றி விளக்கு அந்த அறையின் ஒரு மூலையைக் கூடக் காட்டாது. எங்கேயோ மேலே குகைக் குருவிகள் கிட்கிட் என்று சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு இருட்டில் பறந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் வரும் தூரத்தை வைத்துத்தான் கூரையின் உயரம் உங்களுக்குப் புரியும். பட்டியலில் முதலிடம் எதற்கு என்றால் யோசிக்காமல் இதற்கே கொடுப்பேன்.

ஆனால் நேரே போய் சரவாக் சேம்பர் வேண்டும் என்று கேட்டால் பூங்காவில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சாகசக் குகைகளை அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நடுத்தரக் குகை ஒன்றை ஒழுங்காக முடித்துக் காட்டியவர்களையோ, அனுபவத்துக்குச் சான்று வைத்திருப்பவர்களையோதான் கடினமானவற்றுக்கு அழைத்துப் போவார்கள். ரேசர் குகை நல்ல தொடக்கம். கயிற்றைப் பிடித்து ஏறி இறங்க வேண்டிய இடங்கள் உண்டு, கை கால்களுக்கு வேலை இருக்கும். வௌவாலையும் குருவியையும் பிடித்துத் தின்னும் ரேசர் பாம்பின் பெயர்தான் குகைக்கு. பாறை இடுக்கில் அது சுருண்டிருப்பதைப் பார்த்தால் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போங்கள். அடுத்து கிளியர்வாட்டர் கனெக்‌ஷன்: காற்றுக் குகையில் நுழைந்து, இடுக்குகளிலும் சரிவுகளிலும் புகுந்து, கடைசியில் நிலத்தடி ஆற்றில் இறங்கி நீந்தி, கிளியர்வாட்டர் குகை வழியே வெளிச்சத்துக்கு வருவது. கிளியர்வாட்டர் குகைத் தொகுதி மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. ஆற்றோடு மிதந்து வரும் அந்தக் கடைசிப் பகுதிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பெராவான், பெனான் மக்கள். அவர்களோடு பேசிக்கொண்டே நடங்கள். ஆற்றின் நிறம் மாறுவதையும் தண்ணீரில் இலை தழை மிதந்து வருவதையும் நம்மைவிட வெகு முன்னாலேயே கவனித்துவிடுவார்கள். திரும்பலாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும். 2019 ஜூலையில் முலுவின் மான் குகையில் திடீர் வெள்ளம் வந்து டச்சுப் பயணி ஒருவரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் இறந்துபோனார்கள். குகையில் மலையேற்றத்தைப் போல மேகத்தைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வழியில்லை. நீங்கள் காய்ந்த பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்போது, எங்கோ மலைக்கு அந்தப்பக்கம் பெய்த மழை உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கும்.

மான் குகைக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை, பலகைப் பாதையில் நடந்தே பார்க்கலாம். அம்மாவையும் கூட்டிப் போகலாம். வியட்நாமின் சோன் டூங் தெரியவரும்வரை உலகத்தின் மிகப் பெரிய குகைப் பாதை இதுதான் என்று சொல்லி வந்தார்கள். கூரையில் லட்சக்கணக்கான வௌவால்கள். மழை இல்லாத சாயங்காலங்களில் அவை வளையம் வளையமாக, கறுப்பு நாடா சுருண்டு அவிழ்வதுபோல வெளியே வரும். வல்லூறுகள் வெளியே காத்திருந்து பிடிக்கும் என்பதால் தனியாகப் பறக்காமல் கூட்டமாக வளைந்து போகின்றன. மழை பெய்தால் வராது. ஆகவே ஒரு நாள் மட்டும் தங்கிவிட்டு ஏமாந்து திரும்பாதீர்கள், நாலைந்து நாளாவது ஒதுக்குங்கள்.

சரவாக் போகிறவர்கள் மீரியிலிருந்து நியா குகைகளையும் பார்த்துவிடலாம், சாலை வழியே போகக்கூடிய இடம். அது உடம்புக்குச் சவால் தரும் குகை இல்லை. 1958-இல் அங்கே கிடைத்த மண்டையோடு சுமார் 40,000 ஆண்டு பழமையானது. 2024-இல் நியாவும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கூரையிலிருந்து தொங்கும் கழிகளில் ஏறிப் பறவைக்கூடு எடுக்கிறவர்களைப் பார்த்தால், நம் கயிறும் ஹெல்மெட்டும் எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

முலுவுக்கு அடுத்தபடி என் மனசில் இருப்பது சோன் டூங். மத்திய வியட்நாமின் ஃபோங் ங்யா தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஹோ கான் என்ற உள்ளூர்க்காரர் 1990 வாக்கில் காட்டில் அலைந்தபோது மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இதன் வாயைக் கண்டார். உள்ளேயிருந்து காற்றும் ஆற்றின் இரைச்சலும் வந்தன. வீடு திரும்பியபின் வழி மறந்துபோயிற்று. பல வருடம் கழித்து, 2008-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார். 2009-இல் பிரிட்டிஷ் குழு ஒன்றை அவரே அழைத்துப் போனார். கன அளவு சுமார் 3 கோடியே 85 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய குகை அதுதான். சில இடங்களில் 200 மீட்டர் உயரம் வரும். இரண்டு இடங்களில் கூரை இடிந்து விழுந்து, அந்த வழியே வெயில் இறங்கி, குகைக்குள்ளேயே மரம் செடி வளர்ந்து காடாகியிருக்கிறது. அந்தக் காட்டுக்குள் மூடுபனி திரளும். கடைசியில் சுமார் 90 மீட்டர் உயரத்தில் ஒரு கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) சுவர் மறிக்கும். முதல் குழு அதன் அடியில் நின்றுவிட்டுத் திரும்பி, அடுத்த முறை வந்துதான் ஏறியது.

சோன் டூங் உங்கள் கனவாக இருக்கட்டும், ஆனால் உடனே வேண்டாம் என்கிறேன். ஒரே நிறுவனம்தான் அழைத்துப் போகிறது. நாலு நாள் பயணத்துக்கு ஆளுக்குச் சுமார் 3,000 அமெரிக்க டாலர் ஆகும். நம் வெள்ளியில் பெருக்கிப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் ஆயிரம் பேர்தான். செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை வெள்ளக்காலம், மூடிவிடுவார்கள். அதே பூங்காவில் ஹாங் என் என்ற குகை இருக்கிறது. அதுவும் உலகின் மிகப் பெரிய குகைகளில் ஒன்று. உள்ளே மணல் திட்டில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம், செலவும் பல மடங்கு குறைவு. முதல் வெளிநாட்டுக் குகையாக அதையே சொல்வேன்.

கயிற்றுக்காரர்களின் கனவுகள் வேறு வகை. மெக்சிகோவில் சோட்டானோ டி லாஸ் கொலொன்ட்ரினாஸ் என்று ஒரு கிணறு, இயற்கையாக உண்டான குழி. விளிம்பில் கயிற்றைக் கட்டிக் காலை எடுத்தால், தாழ்வான பக்கத்திலிருந்தே 333 மீட்டர் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கிப் போகலாம். முதன்முதலில் 1966-இல் இறங்கினார்கள். விடியற்காலையில் ஆயிரக்கணக்கான உழவாரன் குருவிகள் சுழன்று சுழன்று மேலேறி வரும். இறங்குவது சில நிமிடம், அத்தனை மீட்டரையும் கயிற்றிலேயே ஏறி வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரான்சில் கிரெனோபிள் பக்கம் குஃப்ர் பெர்ஷே. 1956-இல் மனிதர் முதல் தடவை 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது அங்கேதான். ஐரோப்பியக் குகைக்காரர்களுக்கு இன்றும் அது ஒரு தேர்வு மாதிரி. அதைவிட ஆழம் காக்கசஸ் மலைகளில் அப்காசியாவின் வெர்யோவ்கினா, 2,200 மீட்டருக்கு மேல். நாள்கணக்கில் நிலத்துக்குள்ளேயே தங்கி, ஐந்தாறு டிகிரிக் குளிரில், நனைந்த உடையோடு வேலை செய்ய வேண்டும். 2018-இல் கீழிருந்து வெள்ளம் எழும்பி ஒரு குழு உயிர் தப்ப மேலேறி ஓடி வந்தது. பல வருடப் பயிற்சி இல்லாதவர்கள் படத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போகவே முடியாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பட்டியலிலும் அவை இருக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகீயா. 1986-இல் இடிபாட்டைத் தோண்டியபோது அடியிலிருந்து காற்று வந்த வழியைத் திறந்தார்கள். உள்ளே இன்றைக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்தாயிற்று. பெரும்பாலான சுண்ணாம்புக்கல் குகைகள் மேலிருந்து வரும் மழைநீரால் ஆனவை, இது அடியிலிருந்து எழுந்த வாயுவால் உண்டான கந்தக அமிலத்தால் குடையப்பட்டது. அதனால்தான் அங்கே ஜிப்சம் படிகங்கள் கூரையிலிருந்து சரவிளக்காகத் தொங்குகின்றன. ஆய்வுக்கும் அளவைக்கும் மட்டுமே அனுமதி. இன்னொன்று மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000-ஆம் ஆண்டு தொழிலாளர்கள் கண்ட படிகக் குகை. 11 மீட்டருக்கும் நீளமான படிகங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் அந்த அறையின் வெப்பம் 58 டிகிரி வரை, ஈரப்பதம் கிட்டத்தட்ட முழுசு. பனிக்கட்டி வைத்துத் தைத்த உடை இல்லாமல் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சுரங்கத்தில் நீரிறைப்பதை நிறுத்தியபின் குகை மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அந்தப் படிகங்கள் வளர்ந்ததே அந்த வெந்நீரில்தான்.

நீளத்தில் முதலிடம் அமெரிக்காவின் மாமத் குகைக்கு, 680 கிலோமீட்டருக்கு மேல். சுற்றுலாப் பாதையிலேயே நிறையப் பார்க்கலாம். இந்தியா போகிறவர்கள் மேகாலயாவை மறக்க வேண்டாம். அங்கே 30 கிலோமீட்டரைத் தாண்டிய சுண்ணாம்புக்கல் குகையும் உண்டு, உலகத்திலேயே நீளமான மணற்கல் குகையான கிரெம் புரியும் உண்டு. குளிர்காலத்தில்தான் போக வேண்டும்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? நம் பினாங்குத் தீவு முழுக்கக் கருங்கல். தண்ணீர்மலைக் கோவில் மலையும் பினாங்கு கொடிமலையும் அதே பாறைதான். மழைநீர் அதைக் கரைக்காது, அதனால் இங்கே பெரிய குகைகள் உண்டாகவில்லை. நமக்குப் பக்கம் வடக்கே பெர்லிஸ், தெற்கே ஈப்போ. பெர்லிஸில் காக்கி புக்கிட்டின் குவா கெலாம் குடும்பத்தோடு போகத் தோதானது. 370 மீட்டர் நீளம், ஓடையின் மேல் கட்டிய நடைபாதை, ஈயச் சுரங்கக் காலத்தின் எச்சங்கள். உங்களுக்கு வேண்டியது தாய்லாந்து எல்லைப் பக்கம் வாங் கெலியானில் இருக்கும் குவா வாங் பர்மா. வழிகாட்டியோடு நெளிந்தும் குனிந்தும் ஊர்ந்தும் போகிற உண்மையான குகை அது. தெம்புருங்கில் நீங்கள் ஒரு வழியைத்தான் பார்த்திருப்பீர்கள், இன்னொரு முறை போய் உலர்ந்த வழியின் பெரிய மண்டபங்களை நிதானமாகப் பாருங்கள். முதல் தடவை ஆற்றுக் குளிரில் யாருக்கும் மேலே பார்க்கத் தோன்றுவதில்லை. கல்விழுதுகளின் நுனியில் ஒரு சொட்டு நீர் நிற்பதைக் கவனியுங்கள். அந்தச் சொட்டிலிருந்து வாயு வெளியேறும்போது விட்டுப்போகும் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புதான் விழுதை வளர்க்கிறது. வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி அந்த இடத்தில் வளர்ச்சியே கெட்டுவிடும்.

பத்துமலைக்கும் வருகிறேன். மொத்தம் 272 படிகளில் 200-க்குச் சற்று மேல் ஏறியதும் இருட்டுக் குகைக்குப் போகும் பாதை பிரிகிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள குகை. அதற்குள் லிஃபிஸ்டியஸ் என்னும் சிலந்தி இனம் வாழ்கிறது. அதன் வயிற்றின் மேல் தகடு தகடாக வளையங்கள் இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலந்திகளுக்கு இருந்த அமைப்பு அது. மற்றச் சிலந்திகள் அதை எப்போதோ விட்டுவிட்டன. பாறைச் சுவரில் இது சின்னக் குழல் கட்டி, வாயில் மண்ணும் பட்டு நூலுமாக ஒரு மூடி செய்துகொள்கிறது. வாசலிலிருந்து சில நூல்களை வெளியே சுவரில் பரப்பி வைத்து, மூடிக்கு உள்ளே கால்களை வைத்தபடி காத்திருக்கும். ஏதாவது பூச்சி நூலில் இடறினால் மூடி திறக்கும், பூச்சி உள்ளே போய்விடும். ஒரு விரல் நகத்தளவு மூடி, பக்கத்திலேயே வருடத்துக்குப் பல லட்சம் பேர் ஏறி இறங்குகிறார்கள். இந்தக் குகை 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மூடியிருக்கும்வரை வேலி தாண்டி நுழைய நினைக்க வேண்டாம். அனுமதியோடு திறக்கும் நாளில் முதல் ஆளாக நில்லுங்கள்.

சாமான்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். காலுக்குக் கம்போங் அடிடாஸ் போதும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும், அடியில் முள் முள்ளாக இருக்கும் அந்த ரப்பர் சப்பாத்துதான். தண்ணீர் தங்காது, சேற்றில் வழுக்காது, விலையும் கொஞ்சம். விலையுயர்ந்த மலையேற்ற பூட்ஸ் ஆற்றில் இறங்கியதும் கனத்துப்போகும். விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகையில் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கைத்தான் உலகம் முழுக்கக் குகைக்காரர்களும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். இப்போது எல்இடி வந்துவிட்டது. தலையில் ஒன்று, பையில் ஒன்று, அதுவும் போனால் இன்னொன்று என்று ஆளுக்கு மூன்று விளக்கு கணக்கு. முகவாய்ப் பட்டை உள்ள ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் வேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த ஜீன்ஸோடு தவழ்ந்து பார்த்தவர்கள் இரண்டாம் தடவை போடமாட்டார்கள்.

வௌவால் எச்சம் காய்ந்து தூசி பறக்கும் இடத்தில் முகக்கவசம் போடுங்கள். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். கை காலில் புண் இருந்தால் மூடிவிட்டு ஆற்றில் இறங்குங்கள். எலிக்காய்ச்சல் தண்ணீர் வழியாகவும் வரும். போய்வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ விடாத இருமலோ வந்தால், குகைக்குப் போனேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி பரிசோதனையோடு நின்றுவிட வாய்ப்புண்டு.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் ஜூன் 23-இலிருந்து ஜூலை 10 வரை மாட்டிக்கொண்டதை உலகமே பார்த்தது, அவரும் டிவியில் பார்த்திருப்பார். காப்பாற்றப் போனவர்களில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரை விட்டார். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு நீங்கள் காட்ட வேண்டியது ஒழுங்கு. மழைக்காலத்தில் ஆற்றுக் குகைக்குப் போகமாட்டேன், வழிகாட்டி இல்லாமல் நுழையமாட்டேன், தனியாகப் போகவே மாட்டேன், குறைந்தது நாலு பேர், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, இருவர் போய்ச் சொல்ல என்று அவரிடமே விளக்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்: குகையின் பெயர், பக்கத்து ஊர், வழிகாட்டியின் தொலைபேசி எண், கூட வருகிறவர்களின் பெயர், உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம். கடைசி வரியில் இன்னொரு நேரம் எழுதுங்கள். அதற்குள் என்னிடமிருந்து போன் வராவிட்டால் முதலில் வழிகாட்டியைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் 999-க்கு அடித்து பொம்பாவிடம் (தீயணைப்பு மீட்புப் படை) இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள் என்று. அந்த நேரத்தை நெருக்கமாக வைக்காதீர்கள், வெளியே வருவதாகச் சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு எழுதுங்கள். குகை வாசலில் பெரும்பாலும் லைன் கிடைக்காது. கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் சேறு கழுவும் முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டுக்குப் போன் போடுவது.